கருந்திரையில் மாறாத எழுத்து

ஓசூரில் லேத் எந்திரங்கள் ஓடும் சிறு பட்டறை ஒன்றில் மேரிராணி கணினி பார்த்துவந்தாள். காவேரிப்பட்டினத்துப் பெண், பேக்கிங் வேலைக்கு வந்து, பார்த்துப் பார்த்தே கணினியைக் கற்றவள். இரும்பை எங்கே எவ்வளவு கடைய வேண்டும் என்று எந்திரங்களுக்கு உரைக்கும் புரோகிராம்கள் அனைத்தும் அவள் மேசையிலிருந்தே சென்றன. ஆபரேட்டர்கள் பல ஆண்டுகள் ஓட்டித் திருத்தித் தேற்றியவை அவை. அவை அழிந்தால் பட்டறை நிற்கும். அங்கே உழைப்போர் வீட்டு உலையும் நிற்கும்.

எழுத்தால் ஆணையிடும் கருந்திரை அவளுக்குக் கைவந்திருந்தது. அசையாது உறைந்த புரோகிராமை நிறுத்தவும், முடங்கிய பிரிண்டரை எழுப்பவும் அதில் ஒரு வரி போதும். ஆயினும் அதைத் திறக்குமுன் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வாள். மவுஸால் அழித்தது குப்பைத்தொட்டியிலாவது கிடக்கும். கருந்திரையில் அழித்தது எங்கும் கிடவாது. ஆகவே del என்று எழுதுமுன் dir என்று எழுதி, அழியப்போகும் கோப்புகளின் பெயர்களைக் கண்ணால் காண்பது அவள் வழக்கம்.

ஒரு சனிக்கிழமை ஊரில் மாதா தேர்த்திருவிழா. பஸ்ஸைப் பிடிக்கும் விரைவில் அவ்வழக்கம் தவறியது.

பஸ் குருபரப்பள்ளியை நெருங்குகையில், தான் கடைசியாகக் கண்ட வரி அவள் நினைவில் எழுந்தது. அழிக்கவா என்று கணினி கேட்ட வரி. அதன் முதலெழுத்து C. அவள் அழிக்க எண்ணிய பழங்குப்பையோ D டிரைவில் இருந்தது. வேறு டிரைவுக்குப் போக cd என்பதோடு /d என்றும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில் கணினி ஒன்றும் சொல்லாது, நின்ற இடத்திலேயே நிற்கும். அது நின்ற இடம் லேத் புரோகிராம்கள் இருந்த கோப்புறை. அவள் Y என்று விடையளித்துவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

நகல் ஒன்று உண்டு. கணினியோடு இணைத்த ஹார்ட் டிஸ்க்கில். மூச்சு ஒருகணம் திரும்பியது. மறுகணமே வேறொன்று நினைவுக்கு வந்தது. மாலை ஷிப்ட் மாறும் சைரன் ஊதும் வேளையில் தானே ஓடும் கட்டளையொன்றை அவளே அமைத்திருந்தாள். கணினியில் இல்லாத எதையும் நகலிலும் விட்டுவைக்காத கட்டளை அது.

பேக்கிங்கில் இருந்த சுகுணாவை அழைத்தாள்.

"சுகுணா, ஆபீஸ் தொறந்திருக்கா?"

"இல்லக்கா. மேனேஜர் மாதவன் சார் பூட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. தேர் பாக்கப் போற ஆளுக்கு ஆபீஸ் எதுக்கு?"

"அவருக்கு போன் போடு."

"அவரு போனு உள்ள சார்ஜுல கெடக்குது. அடிச்சா எனக்குத்தான் கேக்கும்."

"அவரத் தேட நேரமில்ல. வெளிய இருக்கற ஆபீஸ் மெயின் சுவிட்ச அமத்து. சைரன் ஊதறதுக்குள்ள கம்ப்யூட்டர் அணையணும். திட்டு வந்தா நான் வாங்கிக்கறேன்."

சற்றுக் கழித்துச் சுகுணாவின் குரல் வந்தது. "அமத்திட்டேன். உள்ள பீப் பீப்புன்னு கத்துது. தெர எரிஞ்சுக்கிட்டேதான் இருக்குதுக்கா."

மின்சாரம் போனாலும் கணினியை ஓட்டும் யு.பி.எஸ். அதை மறந்திருந்தாள். பஸ்ஸின் கம்பியை இறுகப் பற்றினாள்.

"ஜன்னல்?"

"தொறந்திருக்கு. கம்பி இருக்குதே, கை எட்டாது."

"லேத்துல இரும்புச் சுருள் இழுக்கற கொக்கி எடுத்துக்க. நீல லைட்டு எரியற சின்ன பொட்டி தெரியுதா? நகல் அதுலதான் இருக்கு. அதுல போற ஒயர மாட்டி இழு."

"எங்கப்பன் என்னத் திருடப் பழக்கலியேக்கா... வழுக்குது... இரு..."

அலைபேசியினூடே சைரன் ஊளையிட்டது. மேரிராணி கண்மூடி, "தாயே, தாயே" என்றாள். அதற்கு மேல் செபம் வரவில்லை.

"லைட்டு அணைஞ்சுதுக்கா!"

"சைரனுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"தெரியலியே. கொக்கியப் பாப்பனா, காதுல கேப்பனா?"

குருபரப்பள்ளியில் இறங்கி ஓசூர் பஸ் ஏறினாள். ஊருக்குப் போகும் கூட்டம் எதிர்த்திசையில் விரைய, விடையறியாத அச்சத்தோடு அவள் மட்டும் திரும்பினாள்.

மாதவன் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். சுகுணாவும் உள்ளே வந்தாள். முதலில் தானே ஓடும் கட்டளையை முடக்கினாள். பிறகே E டிரைவாக வரும் டிஸ்க்கை இணைத்து dir என்று எழுதினாள். பெயர்கள் வரிவரியாக எழுந்தன. ஒவ்வொன்றாகப் படித்தாள். யாவும் இருந்தன.

திரும்ப நகலெடுக்கும் வரியை எழுதினாள். விரல் என்டரின்மேல் இறங்க மறுத்தது.

"சுகுணா, இத ஒரு தடவ வாய்விட்டுப் படி."

"மொதல்ல E, பின்னால C. சரியா?"

"இன்னொரு தடவ."

"மொதல்ல E, பின்னால C. பேசாம கொக்கியாலயே அமுக்கு, எடுத்தாறேன்."

மேரிராணி சிரிக்கவில்லை, அழுத்தினாள். கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்வரை நாற்காலியின் நுனியிலேயே அமர்ந்திருந்தாள். காவேரிப்பட்டினத்தில் அந்நேரம் தேர் நகர்ந்திருக்கும்.

இன்றும் அவள் வரியின் முதலெழுத்தை வாய்விட்டுச் சொன்ன பின்னரே என்டரைத் தொடுகிறாள். கொக்கி அலுவலக ஜன்னலருகே தொங்குகிறது. அதை லேத்துக்குத் திருப்பித் தர அவளுக்கு மனம் வரவில்லை.