ஊவாவுக்கு ஒரு குவாண்டம் இணைப்பாளர்

கொஞ்ச காலம் நான் ஊவா மாகாணத்தின் குவாண்டம் இணைப்பாளராக இருந்தேன். சிரிக்காதீர்கள். பதுளையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு அந்தப் பட்டத்தைக் கொழும்பிலிருந்து தந்தார்கள். குவாண்டம் கணினி ஆராய்ச்சியில் நாடு முழுவதையும் இணைக்கும் தேசிய வலையமைப்பாம். இணைப்பதற்கு ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் வரும், முதலில் வலையமைப்பு" என்றார் வலையமைப்பின் தலைவர். கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போன கதைதான்.

மாதம் ஒரு ஸூம் கூட்டம். மாகாணம் மாகாணமாகக் கூப்பிடுவார்கள். "ஊவா?" "இருக்கிறேன் சேர்." என் வேலை அத்தோடு முடிந்தது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால், அதன் பிறகு யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்றாவது சொல்வார்கள். இங்கே பேர் கூப்பிடுவதே வேலை. மிச்ச நேரமெல்லாம் இலச்சினைக்கு என்ன நிறம், இணைப்பாளர்களை இணைக்க ஓர் உபகுழு வேண்டுமா என்று வாயாலேயே வடை சுடுவார்கள்.

பிறகு ஏன் விலகவில்லை என்று கேட்பீர்கள். அவர்களுடைய திட்டத்தில் ஒரேயொரு உருப்படியான விஷயம் இருந்தது. மாகாணத்துக்கு ஒரு பின்தங்கிய பாடசாலையைத் தெரிவுசெய்து, அங்கே பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரை அனுப்புவார்களாம். லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றை நான்தான் சொன்னேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த ஒரு பிள்ளை அங்கே இருந்தாள். பௌதிகவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அங்கிருந்து தினமும் பதுளைக்கு வந்து படிக்க பஸ் தோதுப்படாது, விடுதியில் விட வீட்டில் வழியில்லை. கொழுந்தெடுக்கிற அவளுடைய அம்மாவிடம் போய், ஆசிரியர் வருவார் என்று சொன்னேன்.

"டீச்சர் சொன்னா சரிங்க. காத்திருக்கோம்" என்றார்.

காத்திருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் வாய்விட்டுக் கேட்டேன். "அது அடுத்த கட்டம் மிஸ்" என்பார் தலைவர். அந்தக் கட்டம் வருவதற்குள் தவணையே முடிந்தது. பிள்ளையை இனியும் சும்மா உட்கார வைக்க முடியாது என்று பாடசாலை அதிபர் கலைப் பிரிவில் சேர்த்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன?

பிறகு பதுளையில் விழா வைத்தார்கள். மாலை, குத்துவிளக்கு, சுவரை மறைக்கும் பதாகை, எதிலும் குறைவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒன்று தமிழில் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். அவளையே கூட்டிப் போனேன். இவள் முகத்தைப் பார்த்தாவது இவர்களுக்கு வெட்கம் வரட்டும் என்ற ஆத்திரம் எனக்கு. அம்மாவும் அன்று மலைக்குப் போகாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

பிள்ளை மைக்கைப் பிடித்தாள். "நான் கலைப் பிரிவுல படிக்கிறேன். எனக்குப் பௌதிகவியல்தான் ஆசை. எங்க ஸ்கூல்ல அதுக்கு டீச்சர் இல்ல. அனுப்புறோம்னு சொன்னீங்க. தயவுசெஞ்சு அனுப்புங்க."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். மேடையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பிள்ளை என்ன சொன்னாள் என்று தலைவர் என்னிடம் கேட்டார். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மனுஷன் கொஞ்சமாவது அசர வேண்டுமே!

"கலைப் பிரிவா? அருமை! கலையும் குவாண்டமும் கைகோக்கின்றன. அறிக்கையில் போடுங்கள்" என்றார்.

செருப்பைக் கழற்றலாம் போல இருந்தது எனக்கு. பிள்ளை பக்கத்தில்தான் நின்றாள். அந்த ஆங்கிலம் அவளுக்கு நன்றாகவே விளங்கியது.

வெளியே வந்ததும் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம புள்ள கேட்டதும் எம்புட்டு பேரு கை தட்டுனாங்க, பாத்தீங்களா டீச்சர்! அப்ப வாத்தியார் எப்பங்க வருவாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டாள்.

"சீக்கிரம் வருவாரும்மா. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.