மயங்குகிறாள்

ஓர் இசையை ஒருமுறைகூடக் கேட்காமல் அதற்காக நாற்பத்தொரு முறை மயங்கி விழுந்த ஒருவரை ரசிகை என்று சொல்லலாமா? தொப்பக்காவின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தக் கேள்வி எழும். அவருக்கு அது எழவில்லை. அவர் கவலை வேறு.

ஆள் ஒல்லிதான். 'தொப்'பென்று விழும் சத்தத்தை வைத்துப் பிறகு வந்த பெயர் அது. ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் காலை ஆறு மணிக்குப் படப்பிடிப்பு நிலைய வாசலில் நின்று, யாராவது கைகாட்டினால் உள்ளே போய்க் கூட்டத்தில் ஒருவராக உட்காருவார். துணை நடிகர் சங்கத்தின் நிரந்தர அட்டை கிடைத்தால் வாசலில் நிற்க வேண்டாம், வீட்டுக்கே போன் வரும். அதற்குத் திரையில் முகம் தெரிய ஒரு தனிக் காட்சி வேண்டும். அதுவரை முப்பது படங்களில் அவருடைய முதுகு நடித்திருந்தது.

அப்போதுதான் அந்த இசைமேதையின் படம் வந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த மேதையாம், கற்பனைதான். முதலில் அது அடக்கமான கதை. அதில் ஒரு வரி: "முன்வரிசைப் பெண் மயங்குகிறாள்." எழுதியவர் இசையில் லயிப்பதைச் சொன்னார். உதவி இயக்குநரோ, "அக்கா, மூணு எண்ணுவேன், பொத்துனு விழுந்துருங்க" என்றார்.

தொப்பக்கா முன்பு ஒரு மருத்துவமனையில் ஊசி போடும் அறையில் உதவியாளராக இருந்தவர். ஊசியைக் கண்டு சாய்பவர்களைப் பிடிப்பதே அங்கே பாதி வேலை. புறங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு யாரும் மயங்குவதில்லை என்று அவருக்குத் தெரியும். முதலில் உதடு வெளுக்கும், பிறகு முழங்கால் விட்டுப்போகும், தலை கடைசியில்தான் சாயும். அப்படியே விழுந்தார். டாக்டரைக் கூப்பிட இரண்டு பேர் ஓடினார்கள். அவரை நல்ல நடிகை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நன்றாக விழுந்தார்.

"இதுதான்யா படம்!" என்றார் இயக்குநர். மறுநாளே கதை மாறியது. மேதை தும்மினாலும் பெண்கள் சாய்ந்தார்கள். அவருடைய பொய்முடியின் ஓர் இழைக்காக இரண்டு சீமாட்டிகள் வாள்சண்டை போட்டார்கள். அரசரும் மயங்கினார். அரசரின் குதிரை மட்டும் ஒத்துழைக்காததால் பொம்மைக் குதிரை கொண்டுவந்து சாய்த்தார்கள். இத்தனைக்கும் தளத்தில் இசையே கிடையாது, பிறகு சேர்த்துக்கொள்வார்கள். எல்லாரும் "ஒண்ணு, ரெண்டு, மூணு"க்கே மயங்கினார்கள். புகழைப் பற்றி இந்தப் படத்தில் உண்மை ஏதாவது இருந்தது என்றால் அது இதுதான். அது திரையில் தெரியாது.

கூட்டத்தில் தொப்பக்காவின் நாத்தனாரும் இருந்தார்.

"அண்ணி, வீட்லயும் ஒருதடவ விழுந்து பாருங்க. அண்ணன் டிவிலேர்ந்து கண்ண எடுக்கறாரான்னு பாப்போம்."

"போன வாரம் நெஜமாவே வழுக்கி விழுந்தேன்டி. 'ரிமோட் மேல விழுந்துடாத'ன்னாரு."

கடைசி நாள் உச்சக்காட்சி. மேதை வாசிக்க வாசிக்க, கேமரா தொப்பக்காவின் முகத்துக்கு அருகே வரும். அவர் விழுவார், அதைப் பார்த்து அரங்கில் முந்நூறு பேரும் வரிசை வரிசையாக விழுவார்கள். "இது முடிஞ்சதும் உங்க அட்டைக்கு நானே கடிதம் தரேன்" என்றார் இயக்குநர். அன்று கதாநாயகர், யாராவது எண்ணினால் தனக்கு மேதைத்தனம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் முதன்முறையாக இசையையே ஒலிபெருக்கியில் போட்டார்கள். நடுவில் ஓரிடத்தில் பியானோ சற்று நிற்கும். அங்கே விழ வேண்டும்.

பியானோ நின்றது. முந்நூறு பேரின் முழங்கால்களும் பாதி மடங்கிக் காத்திருந்தன. தொப்பக்கா விழவில்லை. இசை மறுபடி தொடர்ந்தது.

"கட்! என்னக்கா ஆச்சு?"

"இன்னொருதடவ போடுங்க தம்பி."

போட்டார்கள். அப்போதும் விழவில்லை.

"அண்ணி, அட்டை போயிடும். விழுந்து தொலைங்க!" என்று பின்னாலிருந்து நாத்தனார் கிசுகிசுத்தார்.

"தெரியும்."

இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "இந்தத் தடவயும் விழலன்னா அந்த நாற்காலில உங்க நாத்தனாரத்தான் உக்கார வைப்பேன்."

தொப்பக்கா எழுந்தார். நாத்தனாரின் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். "மொதல்ல முழங்கால், அப்புறந்தான் தலை" என்று காதில் சொல்லிவிட்டு, கேமராவுக்கு எட்டாத கடைசி வரிசைக்கு நடந்தார்.

அட்டை நாத்தனாருக்குக் கிடைத்தது. ஏன் விழவில்லை என்று வீட்டில் எல்லாரும் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தார்கள். கணவர் டிவியை நிறுத்திவிட்டே கேட்டார்.

அன்று மூன்றாம் முறை பியானோ நின்றபோது நாத்தனார் விழுந்தார், அரங்கு முழுவதும் விழுந்தது. கடைசி வரிசையில் தொப்பக்கா மட்டும் கண்ணைத் திறந்தபடி, இசை முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.