ஒரே குத்தில் விழுந்தவர்

செஞ்சி பஸ் நிலைய டீக்கடையில் திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மதராஸில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த குத்துச்சண்டைச் சாம்பியனைப் பற்றி இங்கே இரண்டு பேருக்குள் தகராறு.

"சொத்த ஆளுங்களா பாத்து ஜெயிச்சவன்பா அவன்," என்கிறார் மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி.

மூக்கு வளைந்த சைக்கிள் கடைக்காரர் கொதிக்கிறார். "நானே அவங்கூட மோதியிருக்கேன், தெரியுமா?"

"அப்படியா? சாம்பியன் எப்படி?" என்று சைக்கிள் கடைக்காரரிடமே கேட்கிறேன்.

"மணி அடிச்சாங்க, கையத் தூக்கினேன். அப்புறம் ஆஸ்பத்திரியிலதான் முழிச்சேன் சார். நடுவுல ஒண்ணும் தெரியாது."

வியாபாரி சிரிக்கிறார். அந்தச் சாம்பியன் அவ்வளவு பெரிய வீரரா, இல்லை இந்தச் சைக்கிள் கடைக்காரர்தான் சொத்தையா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

பஸ் வருகிறது. சைக்கிள் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். "அவன் சும்மா ஆளுன்னா நான் இன்னா சார்? பெரிய ஆளுன்னு நீங்களாவது சொல்லிட்டுப் போங்க."

"பெரிய ஆள்தான்," என்று சொல்லிவிட்டு ஏறுகிறேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.