வெட்கப்பட்டு மாற்றிக் கொடுத்த டப்பா

ஜெபக் குறிப்பில்கூட எழுதிக் கொடுக்கக் கூசும் வியாதி எனக்கு வந்தது. வயிற்றுப்போக்கு.

ஆடியில் பல் பிடுங்கினேன். அதற்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை முடித்த வாரமே ஆரம்பித்துவிட்டது. மெடிக்கலில் சொல்லி வேறொரு ஆன்டிபயாடிக் வாங்கினேன். இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும். மறுபடி மெடிக்கல். இப்படியே புரட்டாசி வந்துவிட்டது. திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா நடவு. ஆள் கூட்டிப் போகிறவளே நான்தான். திறந்த வயலில் எங்கே ஒதுங்குவது? வேலைக்குப் போவதை நிறுத்தினேன். கக்கூஸ், பாய், மறுபடி கக்கூஸ். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

கடைசியில் தஞ்சாவூருக்குப் போய்க் காட்டினேன். அங்கே டாக்டரம்மா மலம் பிடித்து வர ஒரு டப்பா கொடுத்தார். குடலில் அழற்சி இருக்கிறதா, கிருமியின் விஷம் இருக்கிறதா என்று மலத்திலேயே தெரியுமாம். அதைப் பார்த்துத்தான் மருந்து என்றார்.

காலையில் பிடித்தால் வெறும் தண்ணீர், சளி, நாற்றம். இதை எப்படி லேபில் நீட்டுவது? விருந்தாளி வந்தால் கிழிந்த பாயை ஒளித்து வைப்போமே, அந்தப் புத்திதான் எனக்கு. டெஸ்ட் எல்லாம் பேருக்குத்தான், மருந்து எப்படியும் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொட்டிக் கழுவிவிட்டு, ஐந்து வயது மகளுடையதைப் பிடித்துக் கொடுத்தேன்.

கிருமி இல்லை, அழற்சியும் இல்லை என்று வந்தது. போக்கை நிறுத்த மட்டும் மாத்திரை எழுதினார். வயிறு உப்பியது, காய்ச்சல் அடித்தது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். நானே கட்டிய சிறையில் நானே கிடந்தேன்.

குணமாக்கும் என்று கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, உண்மையைச் சொல்லப் பெலன் தாரும்" என்று மட்டும் அழுதேன். அழுது முடித்த கையோடு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அடிப்பாவி. பாப்பா நல்லாருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப நீ கெளம்பு."

டாக்டரம்மாவும் திட்டவில்லை. "தண்ணியா இருந்தாத்தாம்மா அதுல தெரியும். உள்ளத உள்ளபடி குடுங்க" என்றார்.

கொடுத்தேன். விஷம் இருந்தது, அழற்சியும் அதிகம். நான் வாங்கித் தின்ற மாத்திரைகள் குடலின் நல்ல கிருமிகளை அழித்து, கெட்டதை வளர விட்டிருக்கின்றன. பழையதையெல்லாம் நிறுத்திவிட்டு, அந்தக் கிருமிக்கென்றே ஒரு மருந்து, பத்து நாள். ஐந்தாம் நாள் ஒரு தட்டுச் சோறு வயிற்றில் தங்கியது. தட்டின் முன்னாலேயே அழுதேன்.

இப்போது நானாக மெடிக்கலில் மாத்திரை கேட்பதில்லை. நடவுப் பெண்களிடம் இந்த வியாதியைப் பேர் சொல்லியே பேசுகிறேன்.

எதையோ மறைத்துக்கொண்டு ஜெபிக்கிற சகோதரிகளே, அதையும் சேர்த்து ஆண்டவரிடம் சொல்லுங்கள். என் கக்கூஸுக்குள் வர அவர் வெட்கப்படவில்லை.