விதானையார் வீட்டுத் தேநீர்

வைரவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் அவனைக் காட்டிக்கொடுத்தேன். இத்தனை காலமும் உங்களிடம் மாற்றிச் சொன்னேன்... நீங்களும் நம்பினீர்கள்!

பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அருகருகே இருக்கவேண்டும் என்று, பள்ளி ஆசிரியரான நானும் அவனும் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் நடந்து பேசினோம். போகும் வீடுகளில் எனக்குப் பித்தளை மூக்குப்பேணியில் தேநீர் வரும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வைரவனுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் வரும். உடனே நானும் சிரட்டை கேட்பேன். அது எங்களுக்குள் ஒப்பந்தம். பதினேழு வீடுகளில் கேட்டேன்; மூன்றில் துரத்தினார்கள். வெளியே ஒழுங்கையில் நின்று இருவரும் சிரித்தோம்.

பிறகு அரசாங்க சபைத் தேர்தலில் நின்றேன். வைரவனுடன், ஊர் அதிகாரியான ஒரு விதானையார் வீட்டுக்குப் போனேன். அவர் கைகாட்டும் பக்கம்தான் அந்த ஊரின் வாக்குகள் விழும் என்றார்கள்.

பேணியும் சிரட்டையும் வந்தன. விதானையார் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“உங்களுக்கும் சிரட்டை வேணுமாமே, மாஸ்டர்? கேள்விப்பட்டனான். கொண்டுவரச் சொல்லட்டோ?”

முற்றத்தில் குந்தியிருந்த வைரவன் என்னைப் பார்த்தான். நான் வாக்குகளை எண்ணினேன்...

“சீச்சீ, வேண்டாம். எனக்கு இது காணும்,” என்று பேணியை எடுத்தேன்.

அவன் குடித்து முடித்து, சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்தான்.

“அண்ணை, நீங்கள் காரிலை போங்கோ. நான் நடந்து வாறன்.”

வரவே இல்லை.

வைரவன் எங்கே என்று ஊர் கேட்டது. மருதனார்மடத்துத் தேர்தல் மேடையில் பதில் சொன்னேன்: “உவன் மற்றப் பக்கத்தாரிட்டைக் காசு வாங்கிப்போட்டான்!” கூட்டம் கூவியது. வைரவன் கூட்டத்தின் முன்னால்தான் நின்றான். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

விதானையார் நாங்கள் போன மறுநாளே என் எதிராளிக்கும் அதே பேணியில் தேநீர் கொடுத்திருக்கிறார். எப்படி ஏமாந்தேன்! அவருடைய ஊர் என்னைக் கைவிட்டது. வைரவனின் சனங்கள் போட்ட வாக்குகளால் வென்றேன். பேணியைப் பற்றி அவன் அவர்களிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் தோற்றிருப்பேன். சொல்லவில்லை... ஏன் சொல்லவில்லை?

சபையை விட்டுப் பேராசிரியரானேன். சமத்துவம் கற்பித்தேன்.

“வைரவன் ஏன் சேர் உங்களை விட்டுப் போனவர்?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

“துரோகம், தம்பி,” என்றேன்.

யாருடைய துரோகம் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வைரவன் இறந்துவிட்டான். இனி இதை ஒப்புக்கொள்ள என்ன துணிவு வேண்டும்?

இன்று காலை மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். பேணியில்தான். வாங்கிக் குடித்தேன்.