கம்பளிக்குள் கேட்ட போன்

“இந்தக் கரண்ட நம்பி போன் வாங்குன என்னையத்தான் செருப்பால அடிக்கணும்.”

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றின் மேட்டு லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், மரியகொரட்டி இதைச் சொல்லாத நாள் கிடையாது. கரண்ட் இருக்கிற நாளிலும் சொல்வாள்.

“இப்பதான் இருக்குதே” என்பார் புருஷன் பிலிப்பு.

“இருக்கும். நான் சந்தோசமா மூஞ்சக் கழுவுனோடன போயிரும்.”

கம்பியில்லாத வீட்டுப் போன் தோட்டங்களுக்கு வந்த புதிது அது. பார்வைக்கு மேசைப் போன்தான். பின்னால் ஒரு ஏரியல், சுவரில் சொருக ஒரு வயர், கரண்ட் போனால் தாங்க அடியில் ஒரு பெட்டரி. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகள் ஷிரோமிக்காக வாங்கியது. லயத்தில் வேறு போன் இல்லை. ஷிரோமிக்குத் தெரிந்த நம்பரும் அது ஒன்றுதான். அவளை இங்கிருந்து கூப்பிடவும் முடியாது, அந்த வீட்டுக்காரி விடமாட்டாள்.

ஒப்பந்தம் முடிந்து ஷிரோமி திரும்புகிற நேரம். “டிக்கட் கைக்கு வந்தா ஞாயித்துக்கெழம பகல்ல எடுத்து எந்த நாள்னு சொல்றேன்” என்றிருந்தாள். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு தனியாக வெளியே வரும் பிள்ளைகளை வேன்காரன்களும் புரோக்கர்களும் எப்படி மொய்ப்பார்கள் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பன் வாசலில் நிற்க வேண்டும். நாள் தெரியாமல் எப்படி நிற்பது?

அந்த வாரம் பார்த்து சவுக்கு மரமொன்று கரண்ட் கம்பியில் சாய்ந்தது. வெள்ளி இருட்டு. சனியும் இருட்டு. சனி மாலை போன் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது, பெட்டரி இறங்குகிறது என்று.

மரியகொரட்டி எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை. டோர்ச் லைட் மங்கினால் பெட்டரியை அடுப்புத் திண்டில் வைத்துச் சூடு காட்டுவது லயத்து வழக்கம். இன்னும் கொஞ்சம் எரியும். அதையே இதற்கும் செய்தாள். போனின் அடியைத் திறந்து, பெட்டரியைப் பிடுங்கி, அடுப்போரம் வைத்துவிட்டு ரொட்டி தட்டப் போனாள். திரும்பி வந்தபோது அது ரொட்டியைவிட நன்றாக உப்பியிருந்தது.

“மறுபக்கம் திருப்பிப் போட்டியா, கருகிறப் போகுது” என்றார் பிலிப்பு.

அவள் அதைக் குறட்டால் தூக்கி வாசலில் போட்டாள்.

ஞாயிறு விடிந்ததும் பூசைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. போனைத் துணியில் சுற்றி, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் தேயிலை பெக்டரிக்கு இறங்கினாள். சனிக்கிழமைக் கொழுந்து அரைபட வேண்டும், அதற்காக அங்கே ஜெனரேட்டர் ஓடும் என்பது அவளுக்குத் தெரியும். பெட்டரி செத்தாலும் சுவர்க் கரண்டில் போன் வேலை செய்யும். போன் டவர் மலைமேல் தன் சொந்த ஜெனரேட்டரில் பிழைத்திருந்தது.

பெக்டரிக் கிளாக்கர் சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். “என்ன மரியகொரட்டி, வீட்டையே தூக்கிக்கொண்டு வந்திட்டீர்?”

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“கொழுந்து முடிஞ்சா இஞ்சின் நிண்டிடும். போனுக்காக டீசல் எரிக்கேலாது, கண்டீரோ.”

“எரிக்க வேணாங்க ஐயா. எரியிற மட்டும் ஒரு ஓரமா குந்திக்கிறேன்.”

கிடைத்த ஓரம் இஞ்சின் அறை வாசல். அங்கிருந்த பிளக்கில் போன் வயரைச் சொருகினாள். ஓடுகிற சத்தத்தில் பல்லே ஆடியது. மணி அடித்தால் கேட்காது என்பதால் போனின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வருகிறதா, வரவில்லையா. ஒன்றுக்குக்கூட எழுந்து போகவில்லை. பகலாயிற்று. கடைசித் தூள் காயவைக்கிற அடுப்பு மெசினுக்குப் போய்விட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று கிளாக்கர் கையால் காட்டினார். அவள் போனை மடியில் வைத்தாள், தரையில் வைத்தாள், மறுபடி மடியில் வைத்தாள்.

திரை வெளிச்சமானது.

எடுத்தாள். “அம்மா” என்பதுபோல் ஏதோ கேட்டது. அதற்குப் பிறகு இஞ்சின்தான் பேசியது. அவள் கத்துவதைப் பார்த்துப் பாவப்பட்ட கிளாக்கர், இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். மரியகொரட்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். கிளாக்கர் ஐயாவின் கையை அந்த பெக்டரியில் யாரும் அப்படித் தொட்டதில்லை.

“நிப்பாட்டிறாதீங்க ஐயா. நிப்பாட்டுனா போன் செத்துரும்.”

சத்தம் இருந்தால் காது இல்லை, சத்தம் நின்றால் போன் இல்லை. அவள் சட்டென்று நனைந்த கம்பளியை இழுத்து, தலையையும் போனையும் சேர்த்து மூடிக்கொண்டு தரையில் குனிந்தாள். மழைக்குப் போடுகிற தடித்த கம்பளி. உள்ளே இருட்டு, ஆட்டு மயிர் நாற்றம், நடுவில் மகளின் குரல்.

“வார வெள்ளிக்கெழம விடியக்காலைலம்மா. அப்பாவ வரச் சொல்லு.”

“திரும்பச் சொல்லு.”

“வார வெள்ளி. காது செவுடாயிருச்சா ஒனக்கு?”

“காது இருக்குடி. கூடவே இஞ்சினும் இருக்கு. வெள்ளி விடியக்காலைல. சரிதானே?”

“சரிம்மா. சாப்…”

இஞ்சின் அடங்கியது. போனும் அடங்கியது. சாப்பிட்டாயா என்று கேட்க வந்தாளோ என்னவோ. கம்பளியை விலக்கி எழுந்தவள் கிளாக்கரைப் பார்த்து, “கைய இழுத்ததுக்குக் கோவிச்சுக்காதீங்க” என்றாள்.

“கோவமில்லை. தோள்மூட்டுத்தான் கழண்டிட்டுது” என்றார் அவர்.

வியாழக்கிழமை பஸ் ஏறிய பிலிப்பு, வெள்ளி விடியும்போது விமான நிலைய வாசல் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றார். மகள் முதலில் பார்த்தது அவரைத்தான்.

ஷிரோமி வந்து லுணுகலையில் ஸலீம் கடையில் புதுப் பெட்டரி வாங்கிக் கொடுத்தாள். இன்றைக்கும் மேட்டு லயத்துப் பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து அந்த நம்பருக்குத்தான் எடுக்கிறார்கள். கரண்ட் போனால் மரியகொரட்டியின் சட்டம் ஒன்றுதான்: வருகிற போனைப் பேசலாம், இங்கிருந்து எடுத்து ஊர்க்கதை பேசக்கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தூக்கி உயிர் இருக்கிறதா என்று பார்ப்பாள். அடுப்புப் பக்கம் யாரையும் போனோடு விடமாட்டாள்.

மடுல்சீமைப் பக்கம் போகிறவர்கள் மேட்டு லயத்தில் ஏறி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கரண்ட் இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. திட்டுவாள், பிளேன்டீயும் தருவாள். போன் அடித்தால் மட்டும் நடுவில் பேசாதீர்கள்.