நகராத ஃபிலிம்

கோவிந்தாபுரத்துக்கு வெளியே ஒரு விவசாயியின் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். முடிந்த ரோலைச் சுற்றிவிடலாம் என்று கேமராவின் குமிழைத் திருகினேன். அது பிடிமானமே இல்லாமல் சுற்றியது. ஃபிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. மதியம் முழுக்க எடுத்ததில் ஒரு படமும் விழவில்லை.

படிப்பை விட்டு ஊர்சுற்றக் கிளம்பியபோது, டிஜிட்டல் எல்லாம் கல்யாண வீட்டுக்குத்தான் என்று இளக்காரமாகப் பேசி, உக்கடத்தில் பழைய ஃபிலிம் கேமரா வாங்கியவன் நான். அந்த விவசாயி அன்று விற்கவிருந்த இரண்டு காளைகளையும் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கடைசியாக ஒரு படம் வேண்டுமென்று நடுவில் நின்றிருந்தார்.

திரும்பி ஓடினேன். தரகரின் வண்டி மாடுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. படம் விழவில்லை என்று சொன்னேன்.

"அப்ப அத்தன நேரம் டக்கு டக்குன்னு என்னத்தங்க அமுக்குனீங்க?" என்றார் விவசாயியின் மனைவி. "மாடுககூட உங்கள நம்பி அசையாம நின்னுச்சுங்களே!"

விவசாயி காலிக் கட்டுத்தறியைப் பார்த்தபடி, "உடு புள்ள. தம்பி, சோறு தின்னுட்டுப் போங்க" என்றார். தலை நிமிராமல் தின்றேன்.

மறுநாள் காலை கொல்லங்கோட்டில் ஒரு ஸ்டுடியோவில், டிஜிட்டல் கேமராவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொருவருக்கும் படத்தைக் காட்டிய பிறகே எழுந்திருக்கச் சொன்னேன்.